இரண்டாவது ஆல்பத்தின் மேல் விழுந்த பழி

ராக் இசையைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு தீர்ப்பு தவறாமல் வந்துவிடுகிறது. முதல் ஆல்பத்தில் உயிர் இருந்தது, அதற்குப் பிறகு எல்லாம் இறங்குமுகம் என்ற தீர்ப்பு. ஸ்டோன் ரோசஸ், வீஸர், ஸ்ட்ரோக்ஸ், பாஸ்டன், கன்ஸ் அண்ட் ரோசஸ் என்று சாட்சிகளின் பட்டியலும் கையோடு வரும். விளக்கமும் தயாராக இருக்கும். முதல் ஆல்பத்தை எழுத ஒரு குழுவுக்கு அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் கிடைக்கிறது, இரண்டாவதற்கு ஓராண்டுகூடக் கிடைப்பதில்லை. கைவசம் இருந்த சரக்கு முதலிலேயே தீர்ந்துபோகிறது. பணம் வந்ததும் பசி போய்விடுகிறது. பல பத்தாண்டுகளாகப் பத்திரிகைகளும் தரவரிசைகளும் இதையே சொல்லிச் சொல்லி, இப்போது யாரும் கேள்வி கேட்காத உண்மையாக இது நிலைத்துவிட்டது.

இதை நான் மறுக்கிறேன். முதல் ஆல்பத்தை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு பின்வந்தவற்றை அளப்பது கணக்கிலும் பிழை, ரசனையிலும் பிழை. அதைவிட முக்கியமானது, அந்தத் தீர்ப்பு பல நல்ல கலைஞர்களின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. அவர்களை இறக்கிவிட்டு, பிறகு இறங்கிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறது.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் ஆல்பம் அசாதாரணமாக அமைந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். சுமாரான முதல் ஆல்பத்தோடு வந்து அதே மாதிரி இரண்டாவதையும் தந்த எண்ணற்ற குழுக்கள் நம் நினைவிலேயே இல்லை. சுமாராகத் தொடங்கி மேலே போனவர்களை 'வளர்ந்தவர்கள்' என்று வேறு பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். எஞ்சி நிற்பவர்களுக்கு முதல் ஆல்பமே உச்சம். உச்சத்தில் இருப்பவர் அடுத்த அடி எங்கே வைத்தாலும் அது கீழேதான் இருக்கும். கிரிக்கெட்டில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தார். முதல் டெஸ்டில் அதைவிடச் சிறந்த பந்துவீச்சு இன்றுவரை இல்லை. அப்படி ஓர் ஆட்டம் எந்தப் பந்துவீச்சாளருக்கும் வாழ்நாளில் ஒரு முறை வாய்ப்பதே அபூர்வம். அது பத்தாவது டெஸ்டில் வாய்த்திருந்தால் உச்சத்தைத் தொட்டார் என்போம். முதலாவதில் வாய்த்துவிட்டதால் அதன் பின் அவர் வீசிய ஒவ்வொரு பந்தும் சரிவின் கணக்கில் சேர்ந்துகொண்டது. புள்ளியியல் படித்தவர்கள் இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். இசைப் பத்திரிகைகள் இதற்கு வீழ்ச்சி என்று பெயர் வைத்தன.

எதிர்த் திசையில் போனவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யில் 14 பாடல்கள். அவற்றில் 10 பாடல்கள் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவானவை. 6 பாடல்கள் பிறர் எழுதியவை. லிவர்பூலிலும் ஹாம்பர்க்கிலும் இரவிரவாக மேடையேறிப் பழகிய துள்ளல் அதில் இருக்கிறது, அதற்காகவே அதை விரும்பிக் கேட்கிறேன். ஆனால் 1966இல் அதே நால்வர் தந்த 'ரிவால்வர்' அவர்களது ஏழாவது ஆல்பம். அதன் ஒலியை 1963இல் அவர்களாலேயே நினைத்துப் பார்த்திருக்க முடியாது. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' எட்டாவது ஆல்பம். 1973க்கும் 1988க்கும் இடையில் அது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. ஃபிளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' பதினோராவது. 1977இல் வெளிவந்து 31 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1968இல் முதல் ஆல்பத்தைச் சுமந்த பீட்டர் கிரீனும் ஜெரமி ஸ்பென்சரும் அதற்குள் விலகிப் போயிருந்தார்கள். மிக் ஃபிளீட்வுட்டின் டிரம்ஸும் ஜான் மெக்வீயின் பேஸும்தான் பழைய கைகள். முதல் ஆல்பத்தோடு ஒப்பிட்டு இரண்டாவதிலேயே கதையை முடித்திருந்தால் இவற்றில் எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

முதல் ஆல்பம் என்று நாம் சொல்வது உண்மையில் முதல் ஆல்பம்தானா என்றும் கேட்க வேண்டும். நிர்வாணாவின் முதல் ஆல்பம் 'ப்ளீச்'. சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் 1989இல் வெளியிட்டது, பதிவுக்கான செலவு 606 டாலர். அதை அப்போது கேட்டவர்கள் ஒரு சிறு வட்டம். உலகம் அவர்களைச் சந்தித்தது 1991இல் வந்த 'நெவர்மைண்ட்' வழியாக. எனவே 1993இல் ஸ்டீவ் ஆல்பினியின் பதிவில் 'இன் யூடெரோ' வந்தபோது, அது மூன்றாவது ஆல்பமாக இருந்தும், இரண்டாவது ஆல்பத்துக்கு உரிய சந்தேகத்தையெல்லாம் அது சுமக்க வேண்டியிருந்தது. கிரீன் டேயின் 'டூக்கி'யும் மூன்றாவதுதான். 1995இல் 'இன்சோம்னியாக்' வந்தபோது 'டூக்கி போல இல்லை' என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முதல் இரண்டை நினைத்தவர் யார்?

ஆக, இந்தப் புகாரின் அடியில் இருப்பது கேட்பவரின் முதல் சந்திப்பு. பதினேழு வயதில் ஒரு குழுவின் குரலும் கிடாரும் முதன்முதலாகக் காதில் விழும்போது உண்டாகும் திகைப்பு ஒரு முறைதான் வரும். இரண்டாம் முறை அதே குரல் பழகிய குரல். அதே ரிஃப் எதிர்பார்த்த ரிஃப். அந்தத் திகைப்பு திரும்பி வராததற்கு நம் வயதும் பழக்கமும் காரணம். அந்த இழப்பை நாம் குழுவின் கணக்கில் எழுதுகிறோம்.

சரக்கு தீர்ந்துபோகிறது என்ற வாதம் கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. உண்மையைப் பார்த்தால் நிற்காது. கன்ஸ் அண்ட் ரோசஸ் 1987இல் 'அப்பிடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' வெளியிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து 1991 செப்டம்பரில் 'யூஸ் யுவர் இல்யூஷன்' இரண்டு பாகங்களாக ஒரே நாளில் வந்தது. அதில் உலகமே அறிந்த 'நவம்பர் ரெய்ன்' எப்போது எழுதியது? முதல் ஆல்பம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டான 1986இலேயே அதன் மாதிரிப் பதிவு இருந்தது. 'டோன்ட் க்ரை' அதற்கும் முன்பு, அவர்கள் ஒன்றுசேர்ந்த 1985ஐ ஒட்டியது. இரண்டும் முதல் ஆல்பத்தின் தெருச்சண்டை முரட்டுத்தனத்தோடு ஒட்டவில்லை, அதனால் காத்திருந்தன. முதல் ஆல்பம் என்பது இருந்ததில் ஒரு தேர்வு. தேர்வில் விடுபட்டதெல்லாம் பதர் என்று நினைப்பவர்கள் 'நவம்பர் ரெய்'னை எங்கே வைப்பார்கள்?

பசி போய்விட்டது என்கிற வாதம்தான் எனக்கு மிகவும் கோபமூட்டுவது. வசதியான நாற்காலியில் அமர்ந்திருக்கும் கேட்பவர், தனக்குப் பாடுபவன் எப்போதும் வாடகை கட்ட முடியாமல் தவிக்க வேண்டும் என்று விரும்புகிறார். இதில் ரசனை எதுவும் இல்லை, கொடுமைதான் இருக்கிறது. பொய்யும் இருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்ற பாஸ்டனின் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய டாம் ஷோல்ஸ் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலை முடித்த இயந்திரவியல் பொறியாளர். போலராய்டு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். வேலை முடிந்து வந்து, வீட்டின் நிலவறையில் தானே அமைத்துக்கொண்ட ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, கிடாரையும் பேஸையும் ஆர்கனையும் பெரும்பாலும் தானே வாசித்து அடுக்கடுக்காகப் பதிவுசெய்தார். பாடியவர் பிராட் டெல்ப். 1976இல் அந்த ஆல்பம் வெளிவந்தபோது ஷோல்ஸிடம் பசி இல்லை. அவருக்கு வாய்த்திருந்தது நேரம். கெடு வைக்க யாரும் இல்லாத நேரம்.

அந்த நேரத்தைத்தான் பதிவு நிறுவனமான சிபிஎஸ் பறித்தது. 1978 ஆகஸ்டில் வந்த 'டோன்ட் லுக் பேக்' அரைமணி நேரத்தைச் சற்றே தாண்டும் ஆல்பம். அவசரப்படுத்தி வாங்கினார்கள் என்று ஷோல்ஸ் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். மூன்றாவதைத் தன் வேகத்தில்தான் செய்வேன் என்று அவர் நின்றபோது சிபிஎஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்க, அவர் வேலையும் நடந்தது. 1986இல் 'தேர்ட் ஸ்டேஜ்' வேறு நிறுவனமான எம்.சி.ஏ. வழியாக வெளிவந்தது. பில்போர்டு பட்டியலில் முதல் ஆல்பம் எட்டிய அதிக உயரம் மூன்றாம் இடம். பின்வந்த இரண்டும் முதலிடம் பிடித்தன. விற்பனையில் முதல் ஆல்பத்தை அவை நெருங்கவில்லை என்பது சரி. ஆனால் எந்த எண்ணை எடுத்தால் வீழ்ச்சி தெரியுமோ அந்த எண்ணை மட்டும் எடுப்பவர் இசையைப் பற்றிப் பேசவில்லை.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். முதல் ஆல்பத்துக்கு வாழ்நாள், இரண்டாவதற்கு ஓராண்டு என்கிறார்களே, அந்த விவரம் உண்மை. அதை ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவைத்தான் ஏற்க முடியாது. அந்த ஓராண்டை யார் நிர்ணயித்தது? பதிவு நிறுவனம் கொடுக்கும் முன்பணம் கடன் மாதிரி. குழுவின் ராயல்டியிலிருந்து அது கழியும்வரை அவர்கள் கைக்குக் காசு வராது. ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகையும் பல நேரங்களில் அதே கணக்கில் ஏறும். அடுத்த பல ஆல்பங்களைக் கேட்டு வாங்கும் உரிமை ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் பக்கம் இருக்கும், விட்டுப்போகும் உரிமை குழுவின் பக்கம் இருக்காது. ஆல்பம் விற்க ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்துக் களைத்து இறங்கிய மறுவாரம் அடுத்த ஆல்பம் எங்கே என்ற கேள்வி வரும். பேருந்திலும் விடுதி அறையிலும் கழிந்த ஓராண்டில் ஒருவர் எதை வாழ்ந்து எதை எழுதுவார்? நேரத்தைப் பறித்தவர்களை விட்டுவிட்டு, நேரம் பறிபோனவர்களைத் திறமை வற்றியவர்கள் என்கிறது இந்தத் தீர்ப்பு.

ஸ்டோன் ரோசஸின் கதையை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். 1989 மே மாதம் சில்வர்டோன் நிறுவனம் வெளியிட்ட அவர்களின் முதல் ஆல்பத்தை மான்செஸ்டரில் ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்தது. ஜான் ஸ்குவையரின் மணியொலி போன்ற கிடார், ரெனியின் டிரம்ஸ், மானியின் பேஸ், அவற்றின் மேல் அலட்சியமாக மிதக்கும் இயன் பிரவுனின் குரல். மறு ஆண்டு மே மாதம் ஸ்பைக் ஐலண்டில் முப்பதாயிரத்தை நெருங்கிய கூட்டத்துக்கு முன்னால் வாசித்தார்கள். அதன் பிறகு அவர்கள் போன இடம் நீதிமன்றம். ஒன்றும் தெரியாத வயதில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து விடுபட வழக்காட வேண்டியிருந்தது. வழக்கு முடியும்வரை வேறு யாருக்கும் பதிவுசெய்யத் தடை. 1991 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவர்கள் தொழில் செய்யும் உரிமையையே நியாயமின்றிக் கட்டிப்போடுகிறது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது. ஒரு குழு தன் உச்சத்தில் இருந்த நாட்கள் வழக்குமன்றத்தில் கரைந்தன. நீதிமன்றமே அநியாயம் என்று சொன்ன ஒப்பந்தத்தின் விளைவை விமர்சகர்கள் குழுவின் சோம்பல் என்று எழுதினார்கள்.

பிறகு கெஃபன் நிறுவனத்தின் பணமும் வந்தது, அவகாசமும் வந்தது. அதில் அவர்கள் தவறு செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வேல்ஸில் ராக்ஃபீல்ட் கூடத்தில் வேலை இழுத்துக்கொண்டே போனது. முதல் ஆல்பத்தைத் தயாரித்த ஜான் லெக்கி பாதியில் விலகினார். முதலாவதில் ஸ்குவையரும் பிரவுனும் சேர்ந்து எழுதிய பாடல்கள், இரண்டாவதில் பெரும்பாலும் ஸ்குவையரின் தனி எழுத்து. 1994 டிசம்பரில் 'செகண்ட் கமிங்' வெளியானபோது ஐந்தரை ஆண்டுகள் கடந்திருந்தன. அவர்களைக் கேட்டு வளர்ந்த ஓயாசிஸ் அதே ஆண்டு ஆகஸ்டில் தங்கள் முதல் ஆல்பத்தோடு வந்து நின்றார்கள். போதாததற்கு, ஆல்பத்தைப் பற்றிய முதல் நேர்காணலை இசைப் பத்திரிகைகள் எதற்கும் தராமல், வீடற்றவர்கள் தெருவில் விற்கும் 'தி பிக் இஷ்யூ'வுக்குக் கொடுத்தார்கள். அந்தச் செயலுக்காகவே நான் அவர்களை மதிக்கிறேன். இசைப் பத்திரிகைகள் மதிக்கவில்லை.

ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். 'ப்ரேக்கிங் இன்டு ஹெவன்' பதினோரு நிமிடப் பாட்டு. காட்டுச் சத்தமும் நீரோட்டமும் எங்கோ சிணுங்கும் கிடாருமாக நான்கு நிமிடத்துக்கு மேல் போய், அதன் பிறகுதான் பாட்டு தொடங்குகிறது. அந்தக் காத்திருப்பு வீண் இல்லை. டிரம்ஸும் பேஸும் உள்ளே நுழையும் கணத்தில் அது ஏன் அவ்வளவு நீளம் என்பது புரிந்துவிடும். 'பெக்கிங் யூ' நடனக்கூடத்தின் சுழலைக் கிடாரால் கட்டிய துணிச்சல். 'டேபிரேக்'கில் ரெனியும் மானியும் விளையாடுகிற விளையாட்டு முதல் ஆல்பத்தில் எங்குமே இல்லை. 'லவ் ஸ்ப்ரெட்ஸ்' பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. குறையும் உண்டு. 'டியர்ஸ்' லெட் செப்பலினின் நிழலைவிட்டு வெளியே வரவே இல்லை. பல இடங்களில் பிரவுனின் குரல் கிடாருக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிறது. இப்படிச் சொன்னால் அது விமர்சனம். முதல் ஆல்பம் மாதிரி இல்லை என்பது விமர்சனமே இல்லை, ஏனென்றால் அது முதல் ஆல்பம் மாதிரி இருக்க முயலவே இல்லை.

விலகிப்போன ஜான் லெக்கி பின்னர் யாருடைய ஆல்பத்தைத் தயாரித்தார் என்பது இந்த வாதத்துக்கு மிகவும் பொருந்துகிறது. ரேடியோஹெட்டின் இரண்டாவது ஆல்பமான 'தி பெண்ட்ஸ்' அது. 1993இல் வந்த 'பாப்லோ ஹனி' 'க்ரீப்' என்ற ஒரே ஒரு பெரிய பாட்டைக் கொண்ட, தயக்கமான முதல் ஆல்பம். இரண்டாவதற்கு நிறுவனம் வைத்த கெடு தவறியது. லண்டனின் ஆர்.ஏ.கே. கூடத்தில் இறுக்கமும் சண்டையுமாக இருந்தது. அப்போது குழு வேலையை நிறுத்திவிட்டு மேடைக்குப் போனது, புதிய பாடல்களைக் கூட்டத்தின் முன் வாசித்துப் பழகியது, திரும்பி வந்து முடித்தது. 1995 மார்ச்சில் ஆல்பம் வெளிவந்தது. 1997இல் 'ஓகே கம்ப்யூட்டர்', 2000இல் 'கிட் ஏ'. ஒவ்வொன்றும் முந்தையதை மறுத்தது. முந்தையதைப் போல் இரு என்று யாராவது அவர்களைக் கட்டாயப்படுத்தியிருந்தால் 'க்ரீப்' பாடியவர்கள் என்ற அடிக்குறிப்போடு அவர்கள் கதை முடிந்திருக்கும். யாரும் கட்டாயப்படுத்தாமல் காத்திருந்தார்கள், அதனால்தான் இவை கிடைத்தன.

அந்த அளவுகோலிலிருந்து யாரும் தப்பவும் முடியாது. ஸ்ட்ரோக்ஸின் 'இஸ் திஸ் இட்' 2001இல் வந்தது. 2003இல் 'ரூம் ஆன் ஃபயர்'. நைஜல் காட்ரிச்சோடு தொடங்கி, சரிப்படாமல், முதல் ஆல்பத்தின் தயாரிப்பாளரான கோர்டன் ராஃபேலிடமே திரும்பிப்போய்ச் செய்தார்கள். முதலாவதையே திரும்பச் செய்திருக்கிறார்கள் என்று புகார் எழுந்தது. 2006இல் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரஷன்ஸ் ஆஃப் எர்த்'தில் வேறு தயாரிப்பாளர், 14 பாடல்கள், நீளமும் கனமும் கூடிய ஒலி. பழைய ஸ்ட்ரோக்ஸ் எங்கே போனார்கள் என்று அடுத்த புகார். ஒரே மாதிரி செய்தாலும் தோல்வி, மாற்றிச் செய்தாலும் தோல்வி என்றால் குற்றம் செய்பவரிடம் இல்லை. அவர்களுடைய ஆறாவது ஆல்பமான 'தி நியூ அப்நார்மல்' சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றது. முதல் ஆல்பத்துக்கு அந்த விருது கிடைக்கவில்லை.

இந்தத் தீர்ப்பு ஒரு கலைஞனை என்ன செய்யும் என்பதற்கு வீஸரைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. லாஸ் ஏஞ்சலிஸ் குழுவான அவர்களின் முதல் ஆல்பம் 1994 மே மாதம் வந்தது. நீல அட்டையில் நான்கு இளைஞர்கள் வெறுமனே நின்றுகொண்டிருப்பார்கள். தயாரித்தவர் 'தி கார்ஸ்' குழுவின் ரிக் ஒகாசெக். கனமான கிடார், பிசிறில்லாத மெட்டு, கொஞ்சம் விளையாட்டு. ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய 'படி ஹாலி' காணொளி விண்டோஸ் 95 குறுந்தகட்டிலேயே ஏறிப் பல லட்சம் வீடுகளுக்குப் போனது. பாடலாசிரியரான ரிவர்ஸ் குவோமோ அந்தப் புகழின் நடுவில் ஹார்வர்டில் சேர்ந்தார். பிறவியிலிருந்தே ஒரு கால் குட்டை. அதை நீட்டும் அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பில் பூட்டிய உலோகச் சட்டத்தோடும் கைத்தடியோடும் குளிரில் வகுப்புகளுக்கு நடந்தார். தனிமை, வலி, தன்மேலேயே வெறுப்பு. விண்வெளியில் நடக்கும் இசை நாடகமாக எழுதத் தொடங்கியதைக் கைவிட்டு, இந்த வாழ்க்கையையே எழுதினார்.

அப்படி வந்ததுதான் 1996 செப்டம்பரில் வெளியான 'பிங்கர்டன்'. புச்சினியின் 'மேடம் பட்டர்ஃபிளை' இசை நாடகத்தில் ஜப்பானியப் பெண்ணை மணந்து கைவிட்டுப் போகும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயர் அது. வெளித் தயாரிப்பாளர் யாரும் இல்லாமல் குழுவே தயாரித்தது. கிடார் கீச்சிடுகிறது, டிரம்ஸ் முன்னால் வந்து மோதுகிறது, குரல் உடைகிறது. முதல் ஆல்பத்தில் நகைச்சுவைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர் இங்கே வெளியே வந்து தன் ஆசையையும் அசிங்கத்தையும் சேர்த்தே காட்டுகிறார். ஜப்பானிய ரசிகை ஒருத்தியின் கடிதத்தைச் சுற்றி அவர் பின்னுகிற கற்பனை இன்று கேட்கும்போது நெருடுகிறது. அந்த நெருடலைப் பற்றி எழுதுங்கள், அது நியாயமான விமர்சனம். அன்று நடந்ததோ வேறு. பில்போர்டில் 19ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்பில் ஆண்டின் மிக மோசமான ஆல்பங்களின் வரிசையில் சேர்ந்தது. நீல ஆல்பத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான் அதன் குற்றம்.

அந்த அடி குவோமோவை உள்ளே துரத்தியது. குழு ஆண்டுக்கணக்கில் கலைந்து கிடந்தது. பேஸ் வாசித்த மேட் ஷார்ப் விலகினார். குவோமோ லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அறையில் சுவர்களுக்குக் கறுப்புப் பூசி அடைந்துகிடந்த காலமும் உண்டு. தன் வாழ்க்கையிலிருந்து எழுதிய அந்த ஆல்பத்தைப் பற்றித் தானே வெறுப்போடு பேசும் நிலைக்கு வந்தார். 2001இல் பச்சை அட்டையோடு மூன்றாவது ஆல்பம் வந்தது. மறுபடி ஒகாசெக், மறுபடி ஒற்றை நிறத்தின் முன் நிற்கும் நால்வர், பத்துப் பாடல்கள், அரைமணிக்கும் குறைவான நேரம். சுத்தமான, அடக்கமான, எதையும் வெளியே காட்டாத பாடல்கள். கிடார் தனியாக வாசிக்கும் இடங்களில்கூடப் பெரும்பாலும் பாடிய மெட்டையே அப்படியே திரும்ப வாசித்தார்கள். முதல் ஆல்பத்தைப் போல் இரு என்று கேட்டவர்களுக்கு அது கிடைத்தது. விற்பனையும் நன்றாகவே இருந்தது. ஆனால் 'பிங்கர்டன்' எழுதியவர் அதில் இல்லை. அந்த நிர்வாணத்துக்கு அவர் அதன்பின் முழுமையாகத் திரும்பவே இல்லை என்பது என் கணிப்பு.

இதற்கிடையே, கைவிடப்பட்ட ஆல்பத்தை இளைஞர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டார்கள். அதைக் கேட்டுக் குழுக்கள் தொடங்கினார்கள். 2004இல் 'ரோலிங் ஸ்டோன்' அதே ஆல்பத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. 2010இல் வீஸர் ஊர் ஊராகப் போய் முதலிரண்டு ஆல்பங்களையும் முழுக்க வாசித்தார்கள், கூட்டம் ஒவ்வொரு வரியையும் கூடவே பாடியது. 1996க்கும் 2004க்கும் இடையில் அந்த நாடாவில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியது கேட்ட காது. எட்டு ஆண்டுகள் தாமதமாக வந்த ஐந்து நட்சத்திரம் அந்த எட்டு ஆண்டுகளை ஒருவருக்குத் திருப்பித் தராது.

எல்லாப் பின்வந்த ஆல்பங்களும் நல்லவை என்று நான் வாதாடவில்லை. ஓயாசிஸின் மூன்றாவது ஆல்பம் 'பி ஹியர் நவ்' மோசமான ஆல்பம். அடுக்கின்மேல் அடுக்காகக் கிடார், முடிக்கத் தெரியாத பாடல்கள், வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத கூடம். ஆனால் அதன் கதையும் முதல் வாரத் தீர்ப்பின் அழகைத்தான் காட்டுகிறது. 1995இல் இரண்டாவது ஆல்பமான 'மார்னிங் குளோரி' வந்தபோது பிரிட்டிஷ் விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். முதலாவது போல் இல்லையாம். அது பிரிட்டனின் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றாகியது. அந்தத் தவறுக்கு ஈடுகட்டுவதுபோல 1997இல் 'பி ஹியர் நவ்' வந்ததும் வானளாவப் புகழ்ந்தார்கள், சில மாதங்களில் அதையும் விழுங்கினார்கள். நல்லதைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் சொல்ல வைத்தது ஒரே பழக்கம்தான். எதிரில் இருக்கும் ஆல்பத்தைக் கேட்காமல் அதற்கு முந்தையதைக் கேட்கிற பழக்கம்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிரியமான ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆல்பத்தோடு ஒப்பிட்டு ஒரே ஒரு முறை கேட்டு ஒதுக்கிய அவர்களின் இரண்டாவதையோ மூன்றாவதையோ முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, தாண்டாமல், சில நாள் இடைவெளிவிட்டு இரண்டு முறை கேளுங்கள். குழு எதுவும் மனதில் வரவில்லையென்றால் 'செகண்ட் கமிங்'கில் தொடங்குங்கள், அந்த நான்கு நிமிடக் காட்டுச் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எதனால் என்று சொல்லுங்கள். முதல் ஆல்பம் மாதிரி இல்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள்.